மாட்டைப் பிடிக்கும்போது கவனம்: மூத்தோருக்கான பாதுகாப்புக் குறிப்புகள்

சபாக் பெர்ணாம், கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த பலருக்கு மாடு வளர்ப்பது சிறு வயதிலிருந்தே பழக்கம். அந்த அனுபவம் இன்றும் கைகொடுக்கும். ஆனால் அறுபது வயதுக்கு மேல் சட்டென்று விலகும் வேகம் குறைகிறது, எலும்பும் வலுவிழக்கிறது. இளவயதில் சிராய்ப்போடு போன ஒரு தள்ளு, இப்போது இடுப்பெலும்பை முறித்துவிடலாம்.

மாடு ஏன் உதைக்கிறது?

பெரும்பாலும் பயத்தால்தான். மாட்டின் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். வாலுக்கு நேர் பின்னால் அதற்குத் தெரியாது. குதிரை பெரும்பாலும் நேர் பின்னால் உதைக்கும். மாடோ காலை முன்னே இழுத்துப் பக்கவாட்டிலும் வீசும். ஆகவே மாட்டின் பக்கத்தில் நிற்பதும் ஆபத்தே.

செய்ய வேண்டியவை

• குரல் கொடுத்துக்கொண்டே, தோள் பக்கமாக நெருங்குங்கள்.
• கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றாதீர்கள். மாடு மிரண்டு ஓடினால் விரல் துண்டாகலாம்; நீங்களும் இழுபடுவீர்கள். கயிற்றை மடித்துப் பிடியுங்கள், மிரண்டால் விட்டுவிடுங்கள்.
• ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சுப் போடுங்கள்.
• மாட்டுக்கும் சுவருக்கும் இடையில் நிற்காதீர்கள்.
• கன்று ஈன்ற பசுவிடம் தனியாகப் போகாதீர்கள். சாதுவான பசுவும் கன்றைக் காக்க முட்டும்.
• ஜப்பான் சிலிப்பர் வேண்டாம். வழுக்காத பூட்ஸ் அணியுங்கள்.
• கைப்பேசியைச் சட்டைப் பையில் வைத்திருங்கள்.
• மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வர்ணம் பூசும்போது பட்டாசும் கூட்டமும் தள்ளியே இருக்கட்டும்.

அடிபட்டால்

காயத்தை ஓடும் நீரிலும் சோப்பிலும் நன்றாகக் கழுவுங்கள். இரத்தம் வந்தால் சுத்தமான துணியால் 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். மஞ்சள், காப்பித்தூள் எதையும் வைக்காதீர்கள்.

மண்ணிலும் சாணத்திலும் ரணஜன்னிக் கிருமி இருக்கிறது. சிறு வயதில் போட்ட ஊசியின் பலன் நாளடைவில் குறைந்துவிடும். அதனால் சிறிய காயமானாலும் அன்றே சுகாதாரக் கிளினிக்கிற்குச் சென்று, கடைசியாக எப்போது ஊசி போட்டீர்கள் என்று சொல்லுங்கள்.

உடனே 999 எண்ணை அழையுங்கள்:

• விழுந்தவரால் எழ முடியவில்லை, அல்லது ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது. அவரைத் தூக்கி நிறுத்தாதீர்கள்.
• தலையில் அடிபட்டு மயக்கம், வாந்தி அல்லது குழப்பம்.
• மார்பிலோ வயிற்றிலோ உதைபட்டு வலி கூடுகிறது, அல்லது மூச்சுத் திணறுகிறது.

இரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுபவர் தலையில் அடிபட்டால், வெளியே காயம் தெரியாவிட்டாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உள்ளே இரத்தம் கசிவது சில மணி நேரம் கழித்தே தெரியலாம். மருந்துப் பையையும் உடன் கொண்டு செல்லுங்கள்.

முரட்டு மாட்டை இளையவர்களிடம் விடுங்கள். எப்படிப் பிடிப்பது என்று பக்கத்தில் நின்று நீங்கள் சொல்லிக் கொடுங்கள்.