இரண்டு மலைக்கும் உழைத்த அப்பா!

ஊட்டிக்குச் சுற்றுலா போகிறவர்கள் தேயிலைத் தோட்டங்களின் முன்னால் நின்று ஆசை ஆசையாகப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நீலகிரியின் தோட்டங்களில் ஒரு பகுதியை உருவாக்கியவை இலங்கையிலிருந்து வந்த கைகள் என்பது பலருக்குத் தெரியாது. கூடலூர், கோத்தகிரி, குன்னூர் பக்கம் அவர்களை 'சிலோன்காரங்க' என்பார்கள். அரசாங்கக் காகிதத்தில் 'தாயகம் திரும்பியோர்'.

என் அப்பா அவர்களில் ஒருவர். மூன்று பிள்ளைகளுக்கு அப்பா, ஐந்து பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தா. 2024-ல், தன் 84-வது வயதில் காலமானார்.

அப்பா பிறந்தது இலங்கையில், அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். கங்காணியோடு திருச்சிப் பக்கமிருந்து கடல் கடந்து போன குடும்பம். ஒரே அறை கொண்ட லயத்து வீட்டில் எட்டுப் பேர். 1948-ல் இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்தது. அதே ஆண்டில் வந்த குடியுரிமைச் சட்டம், மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலானவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. அப்பாவுக்கு அப்போது எட்டு வயது. ஐந்தாவதோடு படிப்பு நின்றது. விடிவதற்குள் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுப்பது, கவ்வாத்து வெட்டுவது, கான் வெட்டுவது என்று வாழ்க்கை தொடங்கிவிட்டது.

1964 அக்டோபரில் சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தம் கையெழுத்தானது. சுமார் 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று முடிவு. மீதி 1,50,000 பேரை 1974-ல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. கேட்க வெறும் கணக்குபோல இருக்கும். ஆனால் அந்தக் கணக்கு ஒவ்வொரு லயத்துக்குள்ளும் புகுந்து குடும்பங்களைப் பிரித்தது.

எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. அப்பா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். சித்தப்பா, தன் மாமியார் குடும்பத்தை விட்டுவர முடியாமல் இலங்கைக்கு எழுதிக் கொடுத்தார். "ஏன்ப்பா இந்தியாவுக்கு எழுதுனீங்க?" என்று ஒருமுறை கேட்டேன். "எம் புள்ளைங்க நாங்க இந்த நாட்டுக்காரங்கன்னு தைரியமா சொல்லணும்ல" என்றார்.

1973-ல் கிளம்பினோம். அம்மாவின் இடுப்பில் மூன்று வயதுக் குழந்தையாக நான். தலைமன்னாருக்குப் போகும் ரயிலை மலையகத்தில் 'ஒப்பாரிக் கோச்சி' என்பார்களாம். ஏறுகிறவர்களும் வழியனுப்புகிறவர்களும் அழுத அழுகை அப்படி. ரயிலடியில் சித்தப்பா ஒரு பொட்டலம் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் கொடுத்தாராம். அண்ணனும் தம்பியும் பார்த்துக்கொண்டது அதுதான் கடைசி. பிறகு 'இராமானுஜம்' கப்பலில் ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம்.

இப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க, 1968-லேயே நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியிருந்தது. பின்னாளில் அதுவே 'டான்டீ' நிறுவனம் ஆனது. தனியார் தோட்டங்களுக்கும் பலர் போனார்கள். அப்பாவுக்குக் கூடலூர் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை கிடைத்தது. காடு திருத்தி, குழி வெட்டி, நாற்று நட வேண்டும். அட்டைக்கடி, ஓயாத மழை, யானை பயம். இலங்கையில் விட்டுவந்த அதே வேலையை இங்கே முதலிலிருந்து தொடங்கினார்.

எங்கள் பள்ளிக்கூடம் நான்கு கிலோமீட்டர் தூரம். வேலைக்குப் போகும் முன் டார்ச் லைட்டோடு எங்களைப் பாதி வழி கொண்டுவந்து விடுவார். "ஆனை நின்னா ஓடாதீங்க, எம் பின்னால நில்லுங்க" என்பார். இருபது வருடங்களுக்கு மேல் அவரிடம் இருந்தது ஒரே ஸ்வெட்டர்.

1993-ல் என் தம்பி பாலிடெக்னிக்கில் சேர சாதிச் சான்றிதழ் தேவைப்பட்டது. இலங்கையில் பிறந்தவரின் பிள்ளைக்குச் சான்றிதழ் என்றால் சும்மாவா? ஒவ்வொரு முறையும் ஒரு தாள் குறையும். ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போகும். பதினோரு முறை நடந்தார், ஒருநாளும் குரலை உயர்த்தவில்லை. பன்னிரண்டாவது முறை சான்றிதழோடு வந்தார். அன்று இரவு மட்டும் கால் வலிக்கிறது என்று சொன்னார்.

சித்தப்பாவும் அப்பாவும் கடிதம் எழுதிக்கொள்வார்கள். 1983 ஜூலைக் கலவரத்தின்போது நான்கு மாதங்கள் கடிதமே இல்லை. அந்த நான்கு மாதமும் அப்பா சரியாகச் சாப்பிடவில்லை என்று அம்மா சொல்வார். அடுத்த ஆண்டே ராமேஸ்வரம் - தலைமன்னார் கப்பலும் நின்றுபோனது. போர் முடிந்த பிறகு, தம்பியைப் பார்க்கப் போக அப்பா காசு சேர்த்தார். 2010-ல் என் மகள் நர்சிங் சேர்ந்தபோது கட்டணத்தில் கொஞ்சம் குறைந்தது. நாங்கள் கேட்கவே இல்லை. சேர்த்ததை எடுத்து அவள் கையில் வைத்தார். "தம்பி எங்க போயிடப் போறான், அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார். அடுத்த வருடம் சித்தப்பா இறந்த செய்திதான் வந்தது.

2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். பேரனை அந்தச் செய்தியை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார் அப்பா. "இனிமே போயி யாரப் பாக்க?" என்று கேட்டுவிட்டு, தேநீரைக் குடித்து முடித்தார்.

அவர் போன பிறகு, தம்பி மகனுக்குச் சான்றிதழ் வாங்குவதற்காக அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். பாஸ்போர்ட், குடும்ப அட்டை, முகாம் சீட்டு, சம்பளச் சீட்டுகள் எல்லாம் இருந்தன. அவற்றின் மேல் ஐந்து உறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பேரப்பிள்ளையின் பெயர், உள்ளே எல்லா ஆவணங்களின் நகல். தான் நடந்த பதினோரு நடையைப் பேரப்பிள்ளைகள் நடக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறார். தம்பி மகனுக்கு இரண்டே நடையில் வேலை முடிந்தது.

ஒப்பந்தக் காலத்தில் இளைஞர்களாக இருந்தவர்களில் இன்று உயிரோடிருப்பவர்கள் எண்பதைத் தாண்டிய முதியவர்கள். அவர்கள் பிறந்த தோட்டம் எது, யாரை விட்டுவந்தார்கள் என்பதெல்லாம் எந்த அலுவலகப் பதிவேட்டிலும் முழுதாக இருக்காது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு தாத்தாவோ பாட்டியோ இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். பழைய தாள் எதையும் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.