மோட்டார்க் காருக்கு மெழுகுக் கவசம்

ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வாளியும் துணியுமாக முற்றத்தில் இறங்கிக் காரைப் பளபளக்கச் செய்வதில் நம்மவர்க்குள்ள ஆர்வம் பெரிது. ஆயின், துலக்குதல் வேறு, காத்தல் வேறு என்பதை நம்மிற் பலர் அறியார். நானும் அதனை ஒரு நட்டத்தின் பின்னரே அறிந்துகொண்டேன்.

என் தந்தையாரிடம் பழைய ஒஸ்ரின் கார் ஒன்று இருந்தது. ஊரார் ‘ஏ போட்டி’ என்பார்களே, அதுதான், கடும்பச்சை நிறம். யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத தொண்ணூறுகளில் மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடிய வண்டி அது. அந்நாட்களிலும் தந்தையார் அதனைக் கிடுகுக் கொட்டிலில் நிறுத்தி, நீர் வார்த்துப் புழுதி போக்கி, மெல்லிய துணியால் ஒற்றி எடுப்பார், அவ்வளவே. 2002ஆம் ஆண்டில் ஏ-9 பாதை திறந்து, கடைகளில் புதுப் பொருள்கள் வந்து குவிந்தபோது, மாணவனாயிருந்த நான் ‘கொம்பவுண்ட்’ என்னும் தேய்ப்புப் பசையை வாங்கிவந்து வாரந்தோறும் தேய்க்கலானேன். கார் கண்ணாடிபோல மின்னிற்று, துணி பச்சையாயிற்று. அழுக்குக் கழல்கின்றதென்று நான் மகிழ்ந்திருக்க, ஒருநாள் தந்தையார் துணியைக் கையில் வாங்கிப் பார்த்து, “தம்பி, உது ஊத்தையில்லை, பெயின்ற்” என்றார். அதற்குள் பொனற்றின் விளிம்பிலே சாம்பல்நிற அடிப்பூச்சு வெளிப்பட்டுவிட்டது. அடுத்த மாரியில் அவ்விடத்திற் கறள் பிடித்தது.

தேய்ப்புப் பசையில் உள்ளவை அரம்போல அராவும் நுண்துகள்கள். கீறலுள்ள மேற்பரப்பைச் சீவி மட்டமாக்குவதாலேதான் பளபளப்பு உண்டாகின்றது. இன்றைய கார்களில் நிறப்பூச்சின்மேல் நிறமற்ற தெளிபூச்சு ஒன்று உண்டு. அதன் தடிப்பு ஏறத்தாழ 40 முதல் 50 மைக்கிரோன். தலைமயிரின் தடிப்பிலும் குறைவு. துணியில் நிறம் ஒட்டாதாகையால், அது தேய்வதை நாம் காண்பதுமில்லை. மெழுகோ எதனையும் சீவுவதில்லை, மேலே படிந்திருக்கின்றது. வெயிலும் உப்புக்காற்றும் காகத்தின் எச்சமும் முதலில் அதனையே தாக்கும். அது தேய்ந்தால் மறுபடி பூசலாம்; தெளிபூச்சைத் தேய்த்துவிட்டாற் செலவு பெரிது.

கார் மெழுகுகளிற் புகழ்பெற்றது கார்னோபா. பிரேசில் நாட்டின் வடகிழக்குப் பகுதியில் வளரும், நமது பனைக்கு உறவான ஒரு மரத்தின் ஓலையிலிருந்து கிடைப்பது. கடும் வரட்சியில் ஓலையின் ஈரம் போகாதவாறு மரம் தானே அதனைப் பூசிக்கொள்கின்றது. ஓலையை வெட்டி உலர்த்தித் தட்டினால் மெழுகு தூளாக உதிரும். ஏறத்தாழ 82 பாகை செல்சியசிலேயே அது உருகத் தொடங்கும். ஆயினும் நம் வெயிலில் ஓரிரு மாதங்களுக்குமேல் நிலைப்பதரிது. செயற்கைப் பல்பகுதியச் சேர்வைகளாலான ‘சீலன்ற்’ நான்கைந்து மாதம் நிற்கக்கூடும்.

இவற்றைப் படைபடையாகப் பூசினாற் கவசம் தடிக்கும் என்று எண்ணுவோர் உளர். அப்படியன்று. புதுப்படையிலுள்ள கரைப்பான், உலராத பழைய படையையும் கரைத்துவிடும். மிகுதியெல்லாம் துடைக்குந் துணியோடு போய்விடும். முதற்படையை மெல்லியதாகப் பூசித் துடைத்து, ஒரு நாள் நிழலில் விட்டு, மறுநாள் இரண்டாம் படை பூசுவதே முறை. முதன்முறை கைதவறிய இடங்களை அது மூடும். மூன்றாவதாற் பெரும்பயன் இல்லை. சீலன்ற்றின்மேல் மெழுகு பூசலாம்; மெழுகின்மேற் சீலன்ற் பூசினால் அது பரப்பைப் பற்றாது. இரண்டையும் விரும்புவோர் இவ்வொழுங்கை மாற்றலாகாது.

பூசுவதிலும் கடினம் பேணுவது. யாழ்ப்பாணத்தில் அதற்கு முதற் பகை நம் கிணற்று நீர்தான். சுண்ணக்கல்லூடாக ஊறிவரும் அந்நீர் வெயிலில் உலர்ந்தால், கேத்தலின் அடியிற் படியும் அதே கல்சியங் காபனேற்று காரின்மேலும் வெள்ளைப் புள்ளிகளாகப் படியும். வகுப்பில் நீரின் வன்மையைக் கற்பிக்கும்போது நான் காட்டும் உதாரணம் இதுவே. ஆகையால் வெயில் ஏறுமுன் நிழலிற் கழுவி, உடனே துவாயால் ஒற்றி எடுத்தல் வேண்டும். படிந்துவிட்டால், நீர் கலந்த வினாகிரியை மெல்லத் தடவி நன்றாகக் கழுவலாம். ஆனால் வழக்கமாக்கினால் மெழுகும் நலியும்.

வரண்ட புழுதியைத் துணியாற் துடைப்பது, நான் செய்த தேய்ப்புக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. முதலில் நீர் வார்த்துப் புழுதியைக் கழுவிவிடுக. வாளிகள் இரண்டு இருக்கட்டும்: ஒன்று காருக்குரிய மென்சவர்க்கார நீருக்கு, மற்றது அழுக்குத் துணியை அலசுவதற்கு. பாத்திரங் கழுவும் திரவம் எண்ணெயோடு மெழுகையும் நீக்கிவிடும். காகத்தின் எச்சத்தைச் சுரண்டாமல் ஊறவைத்து எடுக்க வேண்டும். பூச்சு உரிந்து இரும்பு தெரியும் இடத்தில் மெழுகை நம்பியிருத்தல் பேதைமை. முதலிற் பெயின்ற் பூசுக.

கழுவிய காரில் நீரைத் தெளித்துப் பாருங்கள். தாமரையிலையிற்போல முத்துமுத்தாக உருண்டால் கவசம் இருக்கின்றது. தட்டையாகப் பரவி நின்றால் மறுபடி பூசுங்காலம் வந்துவிட்டது.

தந்தையாரின் காரைப் பின்னர் முழுவதும் மீளப் பூசுவித்தோம். மூன்றுமுறை கலந்து பார்த்தும் அந்தப் பச்சை அமையவில்லை. பின்கதவின் உட்புறத்தில் மாத்திரம், என் துணி எட்டாத ஓரிடத்தில், அது இன்னும் இருக்கின்றது.