மூணாற்றில் நிறுத்திய காரும் வீட்டிலிருக்கும் இரண்டாம் சாவியும்

தேனி மக்கள் போடிமெட்டு வழியாகவும், கோவை, திருப்பூர் மக்கள் உடுமலைப்பேட்டை, மறையூர் வழியாகவும் விடுமுறை நாள்களில் சொந்தக் காரிலேயே மூணாறு செல்கின்றனர். ஆனால், அங்குள்ள சில இடங்களுக்குக் காரில் போக இயலாது. கொழுக்குமலையில் சூரிய உதயம் காண விரும்புவோர், விடியுமுன் சூரியநெல்லியில் காரை விட்டுவிட்டு ஜீப்பில் ஏற வேண்டும். இரவிகுளம் தேசியப் பூங்காவில் வரையாடுகளைக் காண்பதற்கும், நுழைவிடத்தில் காரை நிறுத்திவிட்டு வனத்துறைப் பேருந்தில் செல்ல வேண்டும். பழக்கமில்லாத ஊரில், கண்காணிப்பார் இன்றிப் பல மணி நேரம் கார் நிற்கிறது.

அந்தக் கார் களவு போனால் என்ன நேரும்? கார் போகும், கடன் போகாது. மாதத் தவணை வழக்கம்போல் தொடரும். இதனை வாடிக்கையாளர்கள் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம்.

காப்பீடு எவ்வளவு தரும்?

மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் களவுக்கு இழப்பீடு கிடையாது. வாகனச் சேதத்தையும் களவையும் உள்ளடக்கிய பாலிசி தேவை. அதிலும் கிடைப்பது, காரை வாங்கிய விலையன்று. பாலிசியில் குறிக்கப்பட்ட காப்பீட்டு மதிப்பே. ஓராண்டைக் கடந்து இரண்டாண்டுக்கு உட்பட்ட காருக்குத் தேய்மானம் 20 விழுக்காடு; நான்கிலிருந்து ஐந்தாண்டு வரையான காருக்கு 50 விழுக்காடு. சாலை வரி, பதிவுக் கட்டணம் ஆகியவை இம்மதிப்பில் சேர்வதில்லை.

எடுத்துக்காட்டாக, 10 லட்சம் ரூபாய் விலையுள்ள காரின் காப்பீட்டு மதிப்பு இரண்டாம் ஆண்டில் 8 லட்சம் எனக் கொள்வோம். கடன் நிலுவை 8,40,000 ரூபாயாக இருந்தால், இழப்பீட்டுத் தொகை முதலில் கடனுக்கே வரவு வைக்கப்படும். எஞ்சிய 40,000 ரூபாயை வாடிக்கையாளரே செலுத்த வேண்டும். முழு விலையையும் ஈடுசெய்யும் கூடுதல் காப்பை, புதிய காருக்குச் சிறிது பிரீமியம் சேர்த்துப் பெறலாம்.

சாவியைக் கொடுக்குமுன்

விடுதிகளில் இடநெருக்கடி காரணமாகச் சாவியைப் பணியாளரிடம் கொடுக்கும்படி கேட்பர். 'உரிமையாளர் பொறுப்பில்' என்று அச்சிட்ட சீட்டும் தருவர். அவ்வாசகம் விடுதியை முழுவதும் காப்பாற்றுமா?

1998 ஆகஸ்டு 1 அன்று இரவு, புதுதில்லி தாஜ்மகால் ஹோட்டலில் ஒருவர் தம் மாருதி ஜென் காரின் சாவியைப் பணியாளரிடம் கொடுத்தார். திரும்பி வந்தபோது வேறொருவர் அக்காரை ஓட்டிச் சென்றிருந்தார். யுனைடெட் இந்தியா காப்பீட்டு நிறுவனம் உரிமையாளருக்கு இழப்பீடு வழங்கிய பின், விடுதியின் மீது வழக்குத் தொடரப்பட்டது. 2019 நவம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் விடுதியே பொறுப்பு எனத் தீர்ப்பளித்தது. சாவியைப் பெற்றுக்கொண்டவுடன் காரைக் காக்கும் கடமையும் விடுதியைச் சேர்கிறது. களவுபோனால், தன்னிடம் கவனக்குறைவு இல்லை என்பதை விடுதியே மெய்ப்பிக்க வேண்டும். சீட்டிலுள்ள வாசகம் அதன் கவனக்குறைவை மறைக்காது என்பதே தீர்ப்பின் சாரம். ஆகவே அச்சீட்டைப் பத்திரப்படுத்துவது அவசியம். சாவியை நாமே வைத்துக்கொண்டு வாடகை இடத்தில் வெறுமனே நிறுத்தும்போது, இதே பொறுப்பை மற்றவர்மீது சுமத்துவது எளிதன்று.

புறப்படுமுன், நிறுத்துமுன்

இரண்டு சாவிகளையும் ஒரே பயணத்தில் கொண்டு செல்லலாகாது. இரண்டாம் சாவி வீட்டிலேயே இருக்கட்டும். இழப்பீடு கோரும்போது காப்பீட்டு நிறுவனம் இரு சாவிகளையும் கேட்கும். காரிலேயே சாவியை விட்டுச் சென்றது தெரிந்தால், நியாயமான கவனம் காட்டவில்லை என்று கூறி இழப்பீட்டை மறுக்கவோ குறைக்கவோ அது முயலக்கூடும். அசல் பதிவுச் சான்றைக் காரில் வைக்க வேண்டியதில்லை; டிஜிலாக்கரில் உள்ள சான்றைச் சோதனைச் சாவடிகளில் காட்டலாம். வெளிச்சமுள்ள, ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் நிறுத்துவதும், ஸ்டியரிங் பூட்டு இடுவதும், பைகளைக் கண்ணில் படாமல் வைப்பதும் நன்று. நிறுத்திய இடத்தையும் எண் பலகையையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்வது பின்னர் உதவும்.

களவு போனால்

உடனே 112 எண்ணை அழைத்து, அருகிலுள்ள காவல் நிலையத்தில் புகார் அளித்து, முதல் தகவல் அறிக்கையின் நகலைப் பெற வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, எந்த எல்லையில் குற்றம் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் அளிக்கலாம். அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்கும், கடன் வழங்கிய கிளைக்கும் தெரிவித்தல் வேண்டும். காவல்துறையிடம் உடனே புகார் அளித்திருந்தால், நிறுவனத்துக்குத் தாமதமாகத் தெரிவித்ததை மட்டுமே காரணமாக்கி உண்மையான கோரிக்கையை மறுக்கலாகாது என 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. எனினும், தாமதித்து வழக்காடுவதினும் உடனே தெரிவிப்பதே எளிது. கார் கிடைக்கவில்லை என்ற காவல்துறையின் இறுதி அறிக்கை வந்த பிறகே இழப்பீடு முடிவாகும் என்பதால், அதுவரை தவணையைத் தவறாது செலுத்துவது கடன் மதிப்பெண்ணைக் காக்கும். சிரமம் இருப்பின் கிளை மேலாளரை முன்கூட்டியே அணுகுங்கள்.

அடுத்த பயணத்திற்குப் பெட்டி கட்டுமுன், பாலிசியை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். களவு அதில் அடங்கியுள்ளதா, அது காலாவதியாகாமல் இருக்கிறதா, காப்பீட்டு மதிப்பு கடன் நிலுவையை ஈடுசெய்கிறதா என்ற மூன்றையும் சரிபார்க்கப் பத்து நிமிடம் போதும். பிறகு கொழுக்குமலையின் விடியலை மனக்கவலையின்றிக் காணலாம்.