ஆனையிறவு நோக்கி

மலையேறுவோர் கணவாய்களைக் கடந்து ஏரிக்கரைகளிலே தங்கிச் செல்வர். மலையே இல்லாத யாழ்ப்பாணத்தானுக்கு அப்பேறு ஏது எனச் சிலர் நகைப்பர். நமக்கும் ஒரு கணவாய் உண்டு. அது கடல்மட்டத்திற் கிடக்கிறது. ஆனையிறவை ஆங்கிலேயர் யானைக் கணவாய் என்று பொருள்படவே அழைத்தனர். நமது ஏரிகளோ உவர்நீர் பரந்த கடனீரேரிகள். இவற்றைக் காலால் அளக்கும் ஆசையால், ஒரு தை மாதத்தில், முதுகிலே ஒரு பையும் அதனுள்ளே பனங்கட்டியும் பொரிவிளாங்காயும் தண்ணீர்ப் போத்தல்களுமாகத் தொண்டைமானாற்றிலிருந்து தனியே புறப்பட்டேன்.

தொண்டைமானாறு பெயரளவில்தான் ஆறு. வடமராட்சிக் கடனீரேரி கடலோடு கலக்கும் வாய் அது. அங்கே கதவுகளோடு ஓர் அணை நிற்கிறது. கடல்நீரைத் தடுத்து மழைநீரைத் தேக்குவது அதன் நோக்கம்.

1936இல் பொன்னேடு கிடைத்த வல்லிபுரத்தைத் தாண்டி மணற்காட்டை அடைந்தால், மணற்குன்றுகள் எழுகின்றன. பழைய தேவாலயம் ஒன்றையே மணல் மூடியிருக்கிறது. ஓரடி ஏறினால் அரையடி சறுக்கும். மலையேற்றத்தின் உழைப்பு முழுவதும் இங்கே உண்டு. உயரம் மட்டுமே இல்லை.

போத்தல்கள் வற்றிய நண்பகலில் ஒரு மீனவர் குடிசையின் முன்னே நின்றேன். "எங்கை தம்பி தனியப் போறியள்? முதலிலை தண்ணியைக் குடியுங்கோ" என்று ஒரு மூதாட்டி காட்டியது, மணலிலே தோண்டிய ஆழமற்ற பூவல். கூப்பிடு தூரத்திற் கடல் இரைகிறது. பூவல் நீரோ இனிக்கிறது. நன்னீர் உவர்நீரினும் அடர்த்தி குறைந்தது. ஆதலால், மணலுள் இறங்கிய மழைநீர் உவர்நீரின் மேலே மிதந்து நிற்கிறது. அளவோடு அள்ளினால் அமுதம். அளவு மீறி இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலெழும். குடாநாட்டுச் சுண்ணக்கற் கிணறுகளுக்கும் இதுவே விதி.

நாகர்கோவிலுக்குத் தெற்கே, 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் 2009 வரை நீடித்த போரும் தீண்டாத ஊர் அரிது. கண்ணிவெடிகள் புதைந்து கிடந்த நிலம் அது. பனிமலையில் நடப்போர் பிளவுகளுக்கு அஞ்சுவர். இங்கே குறுக்குவழிக்கு அஞ்சவேண்டும். ஊரவர் கால்பட்ட தடத்தை விட்டு நான் விலகவில்லை.

சுண்டிக்குளத்திலே பூநாரைகள் ஆழமற்ற நீரில் வரிசையாக நின்றன. அங்கிருந்து மேற்கே திரும்பி, நான்காம் நாள் மாலை ஆனையிறவை அடைந்தேன். வன்னிக் காடுகளிற் பிடித்த யானைகளை ஒருகாலத்தில் இந்நீரில் இறக்கி நடத்தி, ஊர்காவற்றுறைக்குக் கொண்டுசென்று கப்பலேற்றினர். இன்று வீதியும் இருப்புப்பாதையும் உப்பளமும் அருகருகே கிடக்கின்றன.

கனகராயன் ஆறு வன்னியின் மழைநீரை இக்கடனீரேரிக்கே கொண்டுவருகிறது. வந்த நீர் உவராகிறது. இதனை நன்னீர் ஏரியாக்கி, முள்ளியானிலே கால்வாய் வெட்டி, வடமராட்சிக் கடனீரேரிக்கு அனுப்பலாம் என 1950களிலே பொறியியலாளர் ஆறுமுகம் திட்டம் வகுத்தார். யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்பது அவர் கனவு. அது இன்னும் முழுமையாக நிறைவேறவில்லை.

பூவலிலே ஒரு கை நீர் அள்ளியவனுக்கு அத்திட்டம் வெறும் ஏட்டுச் செய்தியன்று. ஆசிரியப் பெருமக்கள் தம் மாணவரை ஒரு நாளேனும் இக்கரைகளில் நடத்திச் செல்வாராக. புவியியற் பாடத்திலே 'நிலத்தடி நீர்' என்று வரும் சொல், அன்று அவர்களுக்குத் தாகத்தோடு விளங்கும்.