முப்புரி நூலும் அதனை உணரும் ஏற்பியும்

திருப்பூர்க் காதர்பேட்டையில் வளர்ந்த எமக்கு நூல் புதிய பொருளன்று. பனியன் கடைகள் நெருங்கிய அவ்வீதிகளில் தையல் நூற்கண்டொன்றினின்று ஒரு முழம் இழுத்து, முறுக்கிற்கு எதிராக உருட்டினால், இரண்டு அல்லது மூன்று இழைகள் பிரிந்து நிற்கும். தனி இழை ஒருபுறம் முறுக்கேறியிருக்க, அவை கூடிய புரி மறுபுறம் முறுக்கேறியிருக்கும். இவ்வெதிர் முறுக்கே நூல் பிரியாமற் காப்பது. இத்தகைய நூலொன்று நம் உடலிலும் உண்டு. அதனைத் தொட்டறியும் கையும் உயிரணுவிற்கு உண்டு. அவ்விரண்டையும் பற்றிச் சில கூறப் புகுந்தோம்.

அந்நூல் கொலாஜன் என்னும் புரதம். தோலும் எலும்பும் தசைநாணும் வலிமை பெறுவது இதனாலாம். இதன் வடிவு வெளிப்பட்டது நம் சென்னையிலே. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ் கதிர் கொண்டு ஆராய்ந்து, கொலாஜன் மூன்று சங்கிலிகளால் ஆயது என 1954-இல் வெளியிட்டனர். அவை ஒன்றையொன்று சுற்றிய முப்புரி என அடுத்த ஆண்டில் திருத்தியுரைத்தனர். ஒவ்வொரு சங்கிலியும் இடமுறுக்கு. மூன்றும் கூடியது வலமுறுக்கு. சங்கிலியின் ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் கிளைசின் என்னும் மிகச் சிறிய அமினோ அமிலமே நிற்கும். புரியின் நடுவே பிறிதொன்று நுழைய இடமில்லை.

இம்மாதிரியில் அணுக்கள் சில அளவிறந்து நெருங்குகின்றன என்று ரிச், கிரிக் என்போர் 1955-இல் மறுத்தனர். இராமச்சந்திரன் அம்மறுப்பைப் புறக்கணித்தாரல்லர். அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதையே ஆராயத் தொடங்கினார். இராமகிருஷ்ணன், சசிசேகரன் என்பாருடன் அவர் 1963-இல் வெளியிட்ட இராமச்சந்திரன் வரைபடம் அதன் விளைவாகும். உலகெங்கும் புரத வடிவுகளைச் சோதிக்க அதுவே இன்றும் உரைகல்லாக உள்ளது.

இனி, ஏற்பியைக் காண்போம். உயிரணுவின் உறையை ஊடுருவி நின்று, வெளிச்செய்தியை உள்ளே உரைக்கும் புரதங்களுள் டைரோசின் கைனேஸ் ஏற்பிகள் ஒரு குலம். அவற்றுட் பெரும்பாலன இன்சுலின் முதலிய கரைந்து வரும் பொருள்களைப் பற்றுவன. டிஸ்காய்டின் ஏற்பிகள் எனப்படும் இரண்டு மட்டும் உடலின் கட்டுமானமாகிய கொலாஜனையே பற்றுவன என்பது 1997-இல் தெரியவந்தது. இவற்றின் வெளிப்புறத்தே டிஸ்காய்டின் என்னும் உருண்ட பகுதி உளது. நடுவே உறையைக் கடக்கும் ஒற்றைச் சுருள். உட்புறத்தே கைனேஸ் என்னும் நொதி. ஏற்பிகள் இரண்டிரண்டாய் முன்னரே இணைந்து நிற்கும். டிஸ்காய்டின் தலையில் ஒரு குழி உண்டு. முப்புரியின் மேல் குறிப்பிட்ட ஆறு அமினோ அமிலங்களின் வரிசை வருமிடத்தில் அக்குழி பொருந்துதலை 2009-இல் இலண்டன் ஆராய்ச்சியாளர் படிக வடிவிற் காட்டினர். பொருந்தியபின், உள்ளிருக்கும் கைனேஸ்கள் டைரோசின்களின் மேல் பாஸ்பேட்டை ஏற்றும். அவ்வடையாளத்தைக் கண்டு பிற புரதங்கள் வந்து சேரும். பிற ஏற்பிகள் நொடிகளிலோ நிமிடங்களிலோ விழிக்க, இவை மணிக்கணக்கில் மெல்ல விழித்து, நெடிது விழித்திருப்பன.

வியத்தற்குரியது ஒன்று உளது. கொலாஜனைக் காய்ச்சினால் முறுக்கு அவிழ்ந்து ஜெலட்டின் ஆகும். அமினோ அமிலங்களும் அவற்றின் வரிசையும் மாறுவதில்லை. ஆயினும் இவ்வேற்பி அதனால் விழிப்பதில்லை. எழுத்தெல்லாம் இருந்தும் புணர்ச்சி குலைந்த செய்யுள் ஓசை இழப்பது போலும் இது.

இந்நுட்பம் வெறும் வியப்பிற்குரியதன்று. இவ்விரண்டனுள் ஒன்று பழுதுறப் பிறக்கும் குழந்தைகள் அரியராயினும் உளர். சிலரிடத்து ஏற்பி உயிரணுவின் புறத்தை அடைவதில்லை. சிலரிடத்து அடைந்தும் கொலாஜனைப் பற்றுவதில்லை. நூல் குறைவின்றி இருந்தும், தொட்டறியும் கை இன்மையால் அக்குழந்தைகளின் கைகால் எலும்புகள் குறுகி நிற்கின்றன. நூல் நூற்பாரும் வேண்டும், அதன் முறுக்கறிவாரும் வேண்டும் என்பது எம் ஊரார் அறிந்த உண்மை. உடலும் அதனையே கூறுகின்றது.