மருதனார்மடத்திலிருந்து முதுகலைக்கு

இந்த நாளில் யாழ்ப்பாணத்தில் சித்திரம் படித்து முடித்த ஒரு பிள்ளை முதுகலைக்கு விண்ணப்பிக்க வெளிக்கிட்டால் முதலில் தேடுவது நல்ல வெளிச்சத்தைத்தான். வெயில் ஏறுவதற்கு முன், காலை எட்டு மணிக்குள், வீட்டு விறாந்தைச் சுவரில் ஓவியத்தைச் சாய்த்து வைத்துக் கைத்தொலைபேசியால் படம் பிடிக்க வேண்டும். கண்ணாடி போட்ட சட்டமென்றால் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் முற்றத்து வேம்பும் கொடியில் காயும் உடுப்பும் ஓவியத்துக்குள் வந்து நிற்கும். நான்கு மூலையும் நேராக விழ வேண்டும். பேனைக் கோடு மங்கக் கூடாது. தாளின் வெள்ளை மஞ்சளடிக்கக் கூடாது. தம்பியோ தங்கச்சியோ பக்கத்தில் ஒரு வெள்ளைத் துணியை விரித்துப் பிடித்து நிழலைக் குறைத்துக் கொடுப்பார்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் தலைப்பு, ஊடகம், சென்ரிமீற்றரில் அளவு, வரைந்த ஆண்டு. இப்படி 15, 20 படங்கள் சேர்ந்தால் ஒரு தொகுப்பு. அதைப் பார்த்துத்தான் பரோடாவிலோ லாகூரிலோ லண்டனிலோ இருக்கிற, அந்தப் பிள்ளையை ஒருநாளும் கண்டிராத சிலர் இடம் உண்டா இல்லையா என்று முடிவெடுக்கப்போகிறார்கள்.

ஆசிரியரின் கண் முன்னால் இருந்து வரைந்து காட்டினால் போதும் என்றிருந்த காலமும் இதே ஊரில் இருந்தது. 1938 இல் எஸ்.ஆர். கனகசபை யாழ்ப்பாணத்தில் வின்ஸர் கலைக் கழகத்தைத் தொடக்கினார். இலங்கையின் பிரதம சித்திரப் பரிசோதகராக 1920களில் பணியாற்றிய சி.எஃப். வின்ஸரின் பெயரைத்தான் கழகத்துக்கு வைத்தார்கள். அங்கே கூடியவர்கள் பெரும்பாலும் பாடசாலைச் சித்திர ஆசிரியர்கள். ஓவியம் அவர்களுக்குத் தொழிலோடு ஒட்டிய ஆசை. பட்டம் என்ற கதைக்கே அங்கு இடமில்லை. மேலே படிக்க வேண்டுமென்றால் கொழும்பு அரசினர் நுண்கலைக் கல்லூரி. 1933 இல் குருநகரில் பிறந்த அ. மாற்கு அப்படிக் கொழும்புக்குப் போய்ப் படித்துத் திரும்பியவர். திரும்பி வந்து 1959 இல் எம்.எஸ். கந்தையாவோடு சேர்ந்து விடுமுறைக்கால ஓவியர் கழகத்தை நடத்தினார். பாடசாலை லீவு நாட்களில் கூடி வரைவது. பெயரே அதைச் சொல்லிவிடுகிறது. அன்று இலங்கையில் ஓவியத்துக்குக் கொழும்புக் கல்லூரிக்கு மேல் படியில்லை. ஆனால் ஒரு பிள்ளையின் கையைப் பார்த்து, அது எங்கே தடுமாறுகிறது, எங்கே ஓடுகிறது என்று சொல்லக்கூடிய ஒருவர் சைக்கிள் தூரத்தில் இருந்தார். மாற்குவின் கையால் பழகியவர்களில் ஓவியர் வாசுகி ஜெயசங்கரும் ஒருவர். அவரது பெண்ணுருவங்களைப் பார்க்கிறவர்களுக்கு அந்தப் பழக்கத்தின் பெறுமதி விளங்கும்.

கடலுக்கு அப்பால் கதவுகள் இல்லாமலில்லை. சென்னை ஓவியக் கல்லூரி 1850 இல் தொடங்கியது. சாந்திநிகேதனின் கலாபவனம் 1919 இல் வந்தது. பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகம் 1950 இல் நுண்கலைப் பீடத்தைத் திறந்தபோது, ஓவியம் என்பது பல்கலைக்கழகப் பட்டத்துக்குரிய படிப்பு என்ற எண்ணம் இந்தப் பிராந்தியத்தில் வேரூன்றியது. எங்கள் ஊருக்கு அந்த எண்ணம் வந்து சேரத்தான் நேரம் எடுத்தது. சங்கீதத்துக்கு அப்படியில்லை. 1931 இல் தொடங்கிய வட இலங்கைச் சங்கீத சபை பரீட்சை வைத்துத் தராதரம் கொடுத்து வந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் போய் சங்கீதபூஷணம் பட்டத்தோடு திரும்பியவர்களை ஊர் மேளதாளத்தோடு வரவேற்கும் அளவுக்கு மதித்தது. 1960 இல் மருதனார்மடத்தில் தொடங்கிய இராமநாதன் நுண்கலைக் கல்லூரியும் முதலில் இசைக்கான கல்லூரிதான். 1975 இல் அது பல்கலைக்கழக வளாகத்தோடு சேர்ந்த பிறகும் ஓவியம் அங்கே காலூன்றப் பல வருடம் பிடித்தது. பிள்ளைக்கு அரங்கேற்றம் வைக்கக் காணியை ஈடு வைக்கும் சமூகம், அதே பிள்ளை தூரிகையைத் தூக்கினால் 'இதைப் படிச்சு என்ன செய்யப்போறாய்?' என்று கேட்டது. இன்றும் கேட்கிறது. இது எங்கள் பண்பாட்டின் பெரிய குறை என்றே நான் நினைக்கிறேன்.

பிறகு வந்தது யுத்தம். 1990 இலிருந்து 1995 வரை குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் பொருளாதாரத் தடைப் பட்டியலில் இருந்தது. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, அதில் ஊற்றிய கொஞ்ச மண்ணெண்ணெயில் மெல்லிய திரி ஒன்றை எரிய விட்டுத்தான் ஒரு தலைமுறை படித்தது. அந்த வெளிச்சத்தில் எழுத்தை வாசிக்கலாம். வர்ணத்தை வாசிக்க முடியாது: மஞ்சளும் வெள்ளையும் ஒன்றாகிவிடும், கடும் நீலம் கறுப்பாகிவிடும். பகலில் வரைந்தால்தான் உண்டு, ஆனால் பகலில் குண்டு போட விமானம் வரும். அந்தக் காலத்தில் வெளியே ஓர் ஓவியக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பது என்றால் என்னவென்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் தெரியவேண்டும். குடாநாட்டை விட்டுப் போகப் பாஸ் வேண்டும். பாஸுக்குப் பிணை நிற்க ஆள் வேண்டும். கிளாலிக் கடலேரியை இரவில் வள்ளத்தில் கடக்க வேண்டும், கடற்படையின் சூடு விழாத இரவாகப் பார்த்து. வவுனியாவில் சோதனை. கொழும்பில் லொட்ஜ், பொலிஸ் பதிவு, பிறகு தூதரக வாசல் வரிசை. இத்தனையையும் தாண்டும்போது சுருட்டிக் கட்டிய ஓவியங்களை நனையாமல் கசங்காமல் கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் அவிழ்த்துக் காட்ட வேண்டும்.

1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பி நடந்தபோது, மாற்குவும் நடந்தார். வாழ்நாள் வேலையில் பெரும்பகுதியை அந்த இடப்பெயர்வு கொண்டுபோய்விட்டது. 2000 இல் மன்னாரில் அவர் காலமானார். ஓர் ஓவியனிடம் 'உன் கடந்த சில வருட வேலையைக் காட்டு' என்று விண்ணப்பப் படிவம் கேட்கிறது. உலகத்தில் எங்கும் சாதாரணமான அந்தக் கேள்விக்கு, அந்தத் தலைமுறை யாழ்ப்பாணத்து ஓவியர்கள் பலரிடம் காட்டுவதற்குக் கையில் எதுவும் மிஞ்சவில்லை. அவர்களில் சிலர் ஏன் மேலே படிக்கவில்லை என்று கேட்பவர்கள் இதை மனதில் வைத்திருக்க வேண்டும்.

அந்தப் பாதையிலும் போனவர்கள் போனார்கள். ஓவியர் தா. சனாதனன் தில்லிப் பல்கலைக்கழகத்தில் ஓவியத்தில் இளங்கலையும் முதுகலையும் படித்து, ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கே கற்பிக்கத் திரும்பி வந்தார். அவர் வெளியிலேயே நின்றிருக்கலாம். வந்ததால் நடந்தது என்னவென்றால், முதுகலை என்றால் என்ன, ஒரு தொகுப்பை எப்படி அடுக்குவது, தேர்வுக் குழு எதைத் தேடும் என்பதைத் தமிழில் கேட்டு அறியக்கூடிய இடமாக யாழ்ப்பாணம் மாறியது. இன்று மருதனார்மடத்தில் உளச்சார்புப் பரீட்சை எழுதி நுழைந்து, நான்கு வருடம் சித்திரமும் வடிவமைப்பும் படிக்கலாம். பழைய கல்லூரி இப்போது பல்கலைக்கழகத்தின் தனிப் பீடம். மட்டக்களப்பிலிருந்தும் மன்னாரிலிருந்தும் மலையகத்திலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். கண்டியில் பிறந்த ஹேமா ஷிரோனி இங்கே படித்து, லாகூரின் பீக்கன்ஹவுஸ் தேசியப் பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்தார். அவரது ஊடகம் ஊசியும் நூலும். மாற்குவின் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பெண் தையல் வேலையோடு லாகூருக்கு முதுகலைக்குப் போவாள் என்று சொன்னால் எவரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

பாதையின் தூரமும் குறைந்துவிட்டது. 2010 நவம்பரில் யாழ்ப்பாணத்திலேயே இந்தியத் துணைத் தூதரகம் திறந்தது. இந்தியக் கலாசார உறவுகள் பேரவையின் புலமைப்பரிசிலுக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். ஐந்து பல்கலைக்கழகங்கள் வரை தெரிவு செய்யலாம். 2019 இல் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் பறக்கத் தொடங்கியது. ஆனாலும் பிறப்புச் சான்றிதழைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலமாக்கவும், பெறுபேற்றுத் தாளைப் பதிவாளர் கந்தோரில் எடுக்கவும் அலைகிற அலைச்சல் அப்படியே இருக்கிறது. காசும் அப்படித்தான். 2022 தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. அந்த மே மாதத்துக்குள் 360ஐத் தாண்டியது. வெளிநாட்டுக் கல்லூரிகளின் விண்ணப்பக் கட்டணத்தையும் ஆங்கிலப் பரீட்சைக் கட்டணத்தையும் அந்த மாதங்களில் கணக்குப் பார்த்த குடும்பங்கள் பல, அடுத்த வருடம் பார்ப்போம் என்று நிறுத்திக்கொண்டன. அடுத்த வருடம் பிள்ளைக்கு ஆசிரிய நியமனம் வந்திருக்கும், அல்லது கலியாணப் பேச்சு வந்திருக்கும்.

இருந்தாலும் இன்றைய பெரிய தடை காசு என்று நான் சொல்ல மாட்டேன். பெரிய தடை, விண்ணப்பத்தோடு கேட்கப்படும் ஒரு பக்கக் கூற்று. நீ என்ன வரைகிறாய், ஏன் வரைகிறாய், இனி எதைத் தேடப்போகிறாய் என்பதை 300 சொல்லிலோ 500 சொல்லிலோ ஆங்கிலத்தில் எழுத வேண்டும். நான்கு வருடம் தமிழில் விமர்சனம் கேட்டு, தமிழில் வாதாடி, தமிழில் சிந்தித்து வரைந்த பிள்ளை அந்தப் பக்கத்தின் முன்னால் ஊமையாகிவிடுகிறது. உதவிக்கு யாராவது ஒரு அண்ணை வருவார். இப்போது கொம்பியூட்டரே எழுதியும் கொடுக்கும். வருகிற கூற்று ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் நான் வாசித்த கூற்றுகள் பலவற்றில் ட்ரோமா, மெமரி, டிஸ்பிளேஸ்மன்ற் என்ற மூன்று சொல்லும் திரும்பத் திரும்ப வந்தன. வரைந்தவரின் வீடோ வீதியோ அதில் இல்லை. யாழ்ப்பாணத்துப் பிள்ளை என்றால் யுத்தத்தைப் பற்றித்தான் வரையும் என்று வெளியே ஓர் எதிர்பார்ப்பு இருக்கிறது. அதை நிறைவேற்றினால் இடம் கிடைக்கும் என்று பிள்ளைகளும் நம்புகிறார்கள். தென்னோலையின் நிழலையோ தாயின் கையையோ பற்றி ஆராய விரும்பும் பிள்ளை, அதை ஒளித்து வைத்துவிட்டு முள்ளுக்கம்பியைப் பற்றி எழுதுகிறது. யுத்தத்தை வரைய வேண்டாம் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. அதை எதிர்பார்த்து எழுத வைக்கவும் எவருக்கும் உரிமையில்லை.

உண்மையில் எங்கள் பிள்ளைகளின் நல்ல வேலைகள் எல்லாம் மிகச் சிறிய, கையால் தொடக்கூடிய பொருளிலிருந்து தொடங்கியவை. ஜஸ்மின் நிலானி ஜோசப் வேலிகளை வரைந்தார். யாழ்ப்பாணத்து வேலி கிடுகாலும் கிளுவையாலும் ஆனது, பக்கத்து வீட்டாரோடு பேச்சும் வழக்கும் அதில்தான்; இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு அதே வேலி வேறு அர்த்தம் கொள்கிறது. ஹற்றனிலிருந்து வந்த ஹனுஷா சோமசுந்தரம் பாவித்துக் காய்ந்த தேயிலைப் பைகளை எடுத்து, அவற்றில் தோட்டத் தொழிலாளரின் வாழ்வை வரைந்தார். சனாதனன் 2011 இல் வெளியிட்ட 'தி இன்கம்ப்ளீற் தோம்பு' என்ற நூலுக்கு, வீட்டை இழந்தவர்களை நினைவிலிருந்து அந்த வீட்டின் வரைபடத்தைப் போடச் சொன்னார். குசினி எங்கே, கிணறு எங்கே, மாமரம் எங்கே என்று அவர்கள் கோடு போட்டார்கள். இழப்பு என்ற சொல்லை எவரும் எழுத வேண்டியிருக்கவில்லை.

ஆகையால் விண்ணப்பிக்க இருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது: கூற்றை முதலில் தமிழில் எழுதுங்கள், அம்மாவுக்குச் சொல்வது போல. எந்தத் தாள், ஏன் அந்தத் தாள், எந்த மணித்தியாலத்தில் வரைகிறீர்கள், எது சரிவரவில்லை. பிறகு ஆங்கிலம் தெரிந்தவரோடு பக்கத்தில் இருந்து, வரி வரியாகக் கொண்டு செல்லுங்கள். ஆங்கிலம் கொஞ்சம் முரடாக இருந்தாலும் பரவாயில்லை. ஆள் உள்ளே இருக்க வேண்டும். இதைக் கடைசி வருடத்தில் ஒரு பாடமாகவே பல்கலைக்கழகம் கற்பிக்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் தகுதிகாண் விரிவுரையாளராகச் சேர்பவர் நிரந்தரமாவதற்கு முதுகலைப் பட்டம் தேவை; நாளை மருதனார்மடத்தில் யார் கற்பிக்கப்போகிறார்கள் என்பதும் இந்த ஒரு பக்கக் கூற்றில்தான் தங்கியிருக்கிறது.

கலை வரலாற்றில் முதுகலை செய்ய விரும்புகிறவர்களுக்கு இன்னொரு சிரமம் உண்டு. ஆய்வு முன்மொழிவில் யாழ்ப்பாணத்து ஓவியத்தைப் பற்றி எழுதினால் அந்த ஓவியம் எங்கே இருக்கிறது என்று மறுகேள்வி வரும். நூலகம் நிறுவனம் 2005 இலிருந்து ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் இணையத்தில் ஏற்றி வருவதால் எழுத்து கிடைக்கிறது. ஓவியங்கள் அப்படியில்லை. கனகசபையும் கந்தையாவும் மாற்குவும் வரைந்தவற்றில் தப்பியவை வீடுகளில், மாணவர்களின் அலுமாரிகளில், சில நேரம் கனடாவிலும் நோர்வேயிலும் உள்ள வரவேற்பறைகளில் இருக்கக்கூடும். அவற்றைத் தேடி இந்தப் பிள்ளைகள் வீடு வீடாகப் போக வேண்டியிருக்கிறது. அப்படி ஒரு பிள்ளை உங்கள் படலையைத் தட்டினால் உள்ளே விடுங்கள். ஓவியத்தைச் சுவரிலிருந்து இறக்கிக் கொடுத்து, அளவெடுக்கவும், பின்பக்கத்தில் எழுதியிருக்கும் ஆண்டைக் குறித்துக்கொள்ளவும், அது எப்படி உங்கள் கைக்கு வந்தது என்று கேட்டு எழுதவும் இடம் கொடுங்கள்.