முதுகைக் கேட்டு கார் வாங்கு!

ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிற எந்த ஆசாமியும் முதலில் கேட்கிற கேள்வி, 'எவ்வளவு ஸ்பீடு போகும்?' இரண்டாவது, 'கடைசி விலை என்ன?' மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. அதை முதுகெலும்பு கேட்கும். கார் வாங்கி ஒரு மாசம் கழித்து!

சஸ்பென்ஷன் சமாசாரம்தான் சார். சக்கரத்துக்கும் சீட்டுக்கும் நடுவே ஸ்பிரிங்கும், அந்த ஸ்பிரிங் குதியாட்டம் போடாமல் அடக்கி வைக்கிற ஷாக் அப்சார்பரும் இருக்கிறதல்லவா, அதேதான். புதுக் கார் என்றால் நம் இஷ்டப்படி ஆர்டர் கொடுக்கலாம். பழைய காரில் இதை எவனோ ஒருவன் பல வருஷம் முன்பே தேர்ந்தெடுத்து வைத்திருப்பான். அவன் முதுகு வேறு, அவன் ரோடு வேறு, அவன் பர்ஸும் வேறு.

என் சித்தப்பா பையனுக்கு டெட்ராய்ட் பக்கம் கம்ப்யூட்டர் வேலை. ஷெவர்லே கார்வெட் என்றால் அவனுக்கு உயிர். ஆறு வருஷம் பணம் சேர்த்திருந்தான். நியாயமாக வீட்டுக்கு அட்வான்ஸாகப் போயிருக்க வேண்டிய பணம். மனைவி ஒரே ஒரு கண்டிஷன் போட்டிருந்தாள்: "வாங்கிக்குங்க. ஆனா ரிப்பேர் பில்லுன்னு ஒரு காகிதம் இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது." போன வருஷம் நான் அங்கே போனபோது மூன்று கார்வெட்களைப் பார்த்து வைத்திருந்தான். கார்வெட்டில் சீட்டே இரண்டுதான். இரண்டாவது சீட்டில், சாட்சியாக, நான்.

2005 முதல் 2009 வரை வந்த சாதாரண கார்வெட்டில் சஸ்பென்ஷன் மூன்று விதம். ஒன்று, கம்பெனி இயல்பாகக் கொடுப்பது. இரண்டாவது, கூடுதல் காசு கொடுத்தால் வருகிற இஸட்-51. மூன்றாவது, அதைவிடக் காஸ்ட்லியான எஃப்-55. எந்தக் காரில் எது என்பதைக் காருக்குள் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் இந்தக் குறியீடுகளை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். விற்கிறவர் வாய்மொழியை நம்ப வேண்டிய அவசியமில்லை.

இதில் ஒரு வேடிக்கை. மூன்றிலுமே சுருள் ஸ்பிரிங் கிடையாது. நம்ம ஊர் லாரியில் இருக்கிற கமான் பட்டைக்குத் தூரத்துச் சொந்தம்தான்! ஒரே வித்தியாசம், இது இரும்பு இல்லை, கண்ணாடி நார். இடமிருந்து வலமாகக் குறுக்கே படுத்திருக்கும். 2020-ல் இன்ஜினை நடுவில் வைத்துப் புது கார்வெட் வந்தபோதுதான் இதற்கு விடை கொடுத்தார்கள்.

முதலில் ஏறியது இஸட்-51. ரோட்டில் காசு கிடந்தால் பூவா தலையா என்று சீட்டிலிருந்தபடியே சொல்லிவிடலாம். அவ்வளவு விறைப்பு. ஆனால், வளைவில் கார் அப்படியே தரையைக் கவ்விக்கொண்டு போனது. வெறும் விறைப்பு மட்டுமில்லை, பெரிய பிரேக்கும் (முன் டிஸ்க் 340 மில்லிமீட்டர், சாதாவில் 325), எண்ணெயைக் குளிர வைக்கும் கூலர்களும் சேர்ந்து வருகின்றன. ரேஸ் டிராக்குக்குப் போகிறவனுக்கு வரப்பிரசாதம். தம்பி போகப்போவது ஆபீசுக்கு. போக நாற்பது மைல், வர நாற்பது மைல். அதுவும் மிச்சிகன் ரோடு! குளிர்காலத்தில் விரிசலில் தண்ணீர் புகுந்து, உறைந்து, விரிந்து, பனி போனதும் பள்ளம் பள்ளமாகப் பெயர்த்துப் போடும். நம்ம மழைக்கால ரோடு தோற்றது.

அடுத்தது எஃப்-55. இதில் ஷாக் அப்சார்பருக்குள் இருக்கும் எண்ணெயில் இரும்புத் துகள்கள் கலந்திருக்கும். மின்சாரம் பாய்ந்து காந்தப்புலம் வந்ததும் எண்ணெய் கெட்டியாகும்; நின்றதும் இளகும். ரோட்டைப் பார்த்துக் கண்மூடித் திறப்பதற்குள் தன்னைத்தானே மாற்றிக்கொள்ளும். பொய் சொல்லக் கூடாது, பட்டுமெத்தை. தம்பி முகத்தில் கல்யாணக் களை. "அண்ணா, இதையே முடிச்சுடலாமா?"

நான் கீழே குனிந்து பார்த்தேன். பின் சக்கரத்துக்கு உள்பக்கம், ஷாக் அப்சார்பர் மேல் எண்ணெய்ப் பிசுக்கு.

பி.காமில் தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. தூங்கிக்கொண்டே படித்தாலும் அங்கே உதவியது. பழைய காரில் ஆப்ஷனின் விலை தேய்ந்துவிடும். அதன் ஸ்பேர் பார்ட்டின் விலை தேயவே தேயாது. முதல் சொந்தக்காரன் கொட்டிக் கொடுத்த சொகுசு நமக்குச் சல்லிசாகக் கிடைக்கிறது. ஆனால் ரிப்பேர் பில் முழு விலையில் நம் பேருக்கு வருகிறது! காந்த ஷாக் ஒன்றே பல நூறு டாலர். நாலு சக்கரத்துக்கும் கணக்குப் போட்டதும், தம்பிக்கு மனைவியின் கண்டிஷன் ஞாபகம் வந்தது.

கடைசியில் வாங்கியது மூன்றாவதாகப் பார்த்த சாதா கார். அதுவும் ஓட்டிப் பார்த்தபோது தடதடவென்றுதான் ஆடியது. குற்றவாளி சஸ்பென்ஷன் மட்டுமல்ல, டயரும்தான். இந்தக் காரில் ஸ்டெப்னி கிடையாது. பஞ்சரானாலும் ஓடுகிற, பக்கச்சுவர் தடித்த ரன்-ஃப்ளாட் டயர். வயதாகி ரப்பரும் இறுகிவிட்டால் கேட்க வேண்டுமா? டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருஷம், 23-வது வாரம் தயாரானது. வயதைச் சொல்லிப் பேரம் பேசினோம். மிச்சமான பணத்தில் நாலு புது டயர், நாலு சாதாரண ஷாக் அப்சார்பர். மனைவி பார்த்தது ஒரே பில், அதுவும் முதல் நாளே!

அதற்காக எஃப்-55 மோசம் என்று சொல்லவில்லை. சமீபத்தில் ஷாக் மாற்றியதற்கு ரசீது இருந்தால் தாராளமாக வாங்கலாம். ஆனால், சில கில்லாடிகள் காந்த ஷாக்கைக் கழற்றிவிட்டுச் சாதாவை மாட்டி, எச்சரிக்கை வராமலிருக்க ஒரு ரெசிஸ்டரையும் சொருகி வைத்திருப்பார்கள். ஸ்விட்சை 'டூர்', 'ஸ்போர்ட்' என்று மாற்றிப் பாருங்கள். உங்கள் முதுகுக்கு வித்தியாசமே தெரியவில்லை என்றால் உஷார்! இஸட்-51 விஷயம் வேறு. ஷாக்கைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். பிரேக்கையும் கூலரையும் பிறகு சேர்ப்பது பெரிய செலவு. டிராக் ஆசை நிஜமாகவே இருந்தால் முதலிலேயே அதை வாங்கிவிடுவதுதான் லாபம்.

'எங்களுக்கு ஏது சார் கார்வெட்?' என்கிறீர்களா? செகண்ட் ஹாண்ட் பைக்குக்கும் இதே சட்டம்தான். முன் ஃபோர்க்கை நாலு தடவை அமுக்கிவிட்டு, அந்தக் குழாயில் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள்.

விரல் வழுக்கினால், விலையும் வழுக்க வேண்டும்!